எட்டு வயதில் மணமகள், இருபத்தைந்து வயதில் மெட்ரிக்

சென்னையில் அடையாறு பக்கம் பஸ்சில் போகிறவர்கள் டாக்டர் துர்காபாய் தேஷ்முக் சாலை என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். டில்லியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அதே பெயரில் ஒரு மெட்ரோ ரெயில் நிலையம் உண்டு என்பது தெரியும். பெயர் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரிந்தவர்கள் குறைவு.

மந்திரியின் மனைவி என்று சிலர் சொல்வார்கள். அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த அம்மையார் செய்த பெரிய காரியம் வேறு. பள்ளிக்கூடம் போகும் வயதைத் தாண்டிவிட்ட பெண்களுக்கு மறுபடியும் பாடப் புத்தகத்தைக் கையில் எடுக்க வழி செய்தவர் அவர். அந்த வழியில் முதலில் நடந்து பார்த்ததும் அவரேதான்.

துர்காபாய் 1909-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி கோதாவரிக் கரையில் உள்ள ராஜமுந்திரியில் பிறந்தார். தந்தை ராமராவ். தாயார் கிருஷ்ணவேணம்மா. அந்தக் கால வழக்கப்படி எட்டாவது வயதில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வசதியான ஜமீன் குடும்பத்துப் பையன்.

விவரம் தெரிந்த வயது வந்ததும் துர்காபாய் ஒரு முடிவுக்கு வந்தார். தாம் தேர்ந்தெடுக்காத அந்த வாழ்க்கையில் தமக்கு நாட்டமில்லை என்று கணவரிடமே நேரில் சொன்னார். வேறு பெண்ணை மணந்துகொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார். 1920-களில் ஒரு பெண் இப்படிப் பேசினால் ஊர் என்ன சொல்லும் என்பதை எழுத வேண்டியதில்லை. தந்தையும் தம்பியும் அவர் பக்கம் நின்றார்கள். அது பெரிய பலம்.

இதன் தொடர்ச்சி ஒன்று உண்டு. அந்தக் கணவர் மறுமணம் செய்துகொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோது, ஆதரவின்றி நின்ற அந்த இரண்டாவது மனைவியைத் தேடிப் பிடித்துக் கைத்தொழில் கற்கச் செய்து, சொந்தக் காலில் நிற்க வைத்தவர் துர்காபாய்தான். சண்டையும் இல்லை, சாடலும் இல்லை. இப்படி நடந்துகொள்ள எத்தனை பேரால் முடியும்?

தாயும் மகளும் ஒரே வகுப்பில்

பள்ளியில் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து, சிறு வயதிலேயே துர்காபாய் பள்ளிக்கூடத்தை விட்டார். குடும்பம் அப்போது காக்கிநாடாவில் இருந்தது. காந்தி அடிகளின் இயக்கம் வேகம் பிடித்த நேரம். அக்கம்பக்கத்தாரிடம் இந்தி கற்றுக்கொண்டு, கற்றதை மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தம் வீட்டிலேயே ஒரு பாடசாலை தொடங்கினார். தாயாரும் மகளோடு சேர்ந்து படித்தார். வீட்டுக்குள்ளேயே இருந்த நூற்றுக்கணக்கான பெண்கள் அந்தப் பாடசாலைக்கு வந்து போனார்கள்.

இந்தி என்றதும் தமிழ் வாசகர்கள் முகம் சுளிக்கலாம். இது பள்ளிகளில் இந்தி கட்டாயம் ஆவதற்கு முந்தின காலம். தாமாக விரும்பிப் படித்த காலம். பின்னாளில், 1949-ல், அரசியல் நிர்ணய சபையில் மொழிப் பிரச்சினை வந்தபோது, வடக்கே சிலர் காட்டிய அவசரமும் பிடிவாதமும் தெற்கே மனம் விரும்பிப் படித்தவர்களைக்கூட விரட்டிவிட்டன என்று முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னவர் இதே துர்காபாய்.

1921-ல் காந்தி அடிகள் காக்கிநாடா வந்தார். கோவில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட்ட தேவதாசிப் பெண்களையும், பர்தா அணிந்த முஸ்லிம் பெண்களையும் அவர் தனியே சந்திக்க வேண்டும் என்று அந்தச் சிறுமி ஆசைப்பட்டாள். உள்ளூர்த் தலைவர்கள் 5 ஆயிரம் ரூபாய் நிதி திரட்டித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். கேலியாகச் சொன்னார்களோ, நிஜமாகச் சொன்னார்களோ! அந்தப் பெண்களே பணத்தைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூட்டமும் நடந்தது. காந்தி அடிகளின் இந்திப் பேச்சைத் தெலுங்கில் மொழிபெயர்க்கும் வேலையும் அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது.

1923-ல் அதே ஊரில் காங்கிரஸ் மாநாடு. பக்கத்தில் கண்காட்சி. வாசலில் தொண்டர் பணியில் நின்ற துர்காபாய், டிக்கெட் இல்லாமல் வந்த ஜவகர்லால் நேருவை உள்ளே விட மறுத்துவிட்டார். டிக்கெட் வந்த பிறகே நேரு உள்ளே போனார். அவர் கோபப்படவில்லை, பாராட்டிவிட்டுப் போனார்.

சிறையில் கிடைத்த பாடம்

1930-ல் உப்பு சத்தியாகிரகம். சென்னையில் பிரகாசம், நாகேஸ்வர ராவ் போன்ற தலைவர்கள் முன்னின்று நடத்தினார்கள். அவர்கள் கைதானதும் துர்காபாய் முன்னால் வந்து நின்றார். வேலூர் சிறை. வெளியே வந்ததும் மறுபடி போராட்டம், மறுபடி சிறை. 1930-க்கும் 1933-க்கும் இடையே மூன்று தடவை உள்ளே போனார்.

வேலூர் சிறையில் அரசியல் கைதிகள் மட்டும் இல்லை. கொலை, திருட்டு என்று தண்டனை பெற்ற ஏழைப் பெண்களும் இருந்தார்கள். அவர்களோடு பேசப் பேசத் துர்காபாய்க்கு வியப்பும் வேதனையும் மிஞ்சின. தங்கள் வழக்கு என்ன, கோர்ட்டில் என்ன நடந்தது என்பதுகூடப் பலருக்கு விளங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. சட்டம் தெரியாது. எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. வக்கீலாகி இவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவர் மனத்தில் விழுந்தது.

மதுரை சிறையில் தனிக் கொட்டடி. தூக்குத் தண்டனைக் கைதிகள் இருந்த பகுதிக்குப் பக்கம். உடம்பு மிகவும் கெட்டுவிட்டது. வெளியே வந்தபோது வயது 24. மேடைப் பேச்சில் புகழ் பெற்றவர், சிறை சென்ற தியாகி. அப்படியே தொடர்ந்திருந்தால் தலைவர் பட்டத்துக்குக் குறைவிருந்திருக்காது. ஆனால் கையில் ஒரு பள்ளிச் சான்றிதழ்கூட இல்லை. அரசியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் படிக்கப் போவது என்று முடிவு செய்தார்.

சட்டம் படிக்கப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு இண்டர்மீடியட் வேண்டும். அதற்கு மெட்ரிகுலேஷன் வேண்டும். அவருக்கோ ஆங்கிலம் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. அந்த வயதில் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார முடியுமா? எந்தப் பள்ளிதான் சேர்த்துக்கொள்ளும்?

இதற்கு ஒரு பக்கத்து வாசல் இருந்தது. பண்டித மதன்மோகன் மாளவியா நிறுவிய காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் பரீட்சையைப் பள்ளிக்குப் போகாமல் தனியாகப் படித்தும் எழுதலாம். துர்காபாய் வீட்டில் உட்கார்ந்து இரவும் பகலும் படித்தார். 1934-ல், 25 வயதில், மெட்ரிக் தேறினார். காசியிலேயே தங்கி 1936-ல் இண்டர்மீடியட்டும் தேறினார்.

அரசியல் நூல் பாடத்தில் பட்டம் படிக்க விரும்பினார். காசியில் பெண்களுக்கு அந்தப் பாடம் இல்லை. வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே துணைவேந்தர் சி.ஆர்.ரெட்டி தயங்கினார். பெண்கள் தங்க விடுதி இல்லையே என்றார்.

விடுதி இல்லாததுதான் தடை என்றால் விடுதியை உண்டாக்கிவிட்டால் போயிற்று! மேல்படிப்பில் விருப்பமுள்ள பெண்கள் எழுதலாம் என்று துர்காபாய் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பதில் எழுதிய பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு விடுதியைத் தொடங்கி நடத்தினார். பிறகு இடம் கிடைத்தது. 1939-ல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம். அடுத்துச் சென்னையில் சட்டப் படிப்பு. 1942-ல் சென்னையில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அப்போது வயது 33.

மயிலாப்பூரில் தெலுங்கு வகுப்பு

1937-ல், அவரே மாணவியாக இருந்த காலத்தில், சென்னை மயிலாப்பூரில் ஒரு சிறு சங்கம் பிறந்தது. முதலில் அது குழந்தைகள் மன்றம். பாட்டு, ஆட்டம், இந்தி வகுப்பு. குழந்தைகளை அழைத்து வந்த தாய்மார்கள் தங்களுக்கும் ஏதாவது சொல்லிக் கொடுக்கலாகாதா என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த மன்றமே வளர்ந்து ஆந்திர மகிளா சபை ஆயிற்று.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த இடம் எளிதில் புரியும். சென்னை அன்று தமிழரும் தெலுங்கரும் கலந்து வாழ்ந்த ராஜதானியின் தலைநகர். என்றாலும் மயிலாப்பூர் தமிழ் பேசும் பேட்டை. ஆணுக்கு உத்தியோகம் உண்டு. ஆபீசில் நாலு பேரைத் தெரியும். வீட்டுப் பெண்ணுக்கோ அக்கம்பக்கத்து மொழி அரைகுறை. சொந்த ஊரில் என்றால் தாய் வீடு இருக்கும், உறவு இருக்கும். இங்கே அதுவும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்கள் தங்கள் மொழியில் கூடிப் பேசவும் படிக்கவும் ஓர் இடம் கிடைத்தது. டில்லியிலும், மும்பையிலும், கோல்கத்தாவிலும் தமிழ்ச் சங்கங்கள் செய்த வேலையைச் சென்னையில் தெலுங்குப் பெண்களுக்காக இந்தச் சபை செய்தது.

வந்தவர்களில் இளம் விதவைகள் இருந்தார்கள். கணவன் கைவிட்ட பெண்கள் இருந்தார்கள். இவர்களுக்கு வேண்டியது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. நர்சு பயிற்சியில் சேரலாம் என்றால் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். ஆசிரியப் பயிற்சிக்குப் போனாலும் அதே கேள்வி. சான்றிதழ் இல்லாத பெண்ணுக்கு மிஞ்சுவது அடுத்தவர் வீட்டு அடுப்படி.

தாம் நுழைந்த அந்தப் பக்கத்து வாசலைத் துர்காபாய் இவர்களுக்கும் காட்டினார். காசிப் பல்கலைக்கழக மெட்ரிக் பரீட்சைக்கு சபையில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. பத்து ஆண்டுப் பள்ளிப் படிப்பைக் குறுகிய காலத்தில் முடிக்க வேண்டும். முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. துர்காபாய்க்குச் சந்தேகமே இல்லை. வளர்ந்த பெண்ணுக்குக் கணக்கு புதிது அல்ல. கடைக்கும் பால்காரருக்கும் கணக்குப் பார்த்தவள்தானே! அதை எழுத்தில் போடத்தான் தெரியாது. குழந்தைக்கு ஓராண்டு பிடிக்கும் பாடம் அவளுக்குச் சில மாதத்தில் பிடிபடும்.

படிப்போடு தையல், கைவேலை போன்ற தொழில்களும் கற்பிக்கப்பட்டன. சபைக்கு ஒரு தெலுங்கு மாத இதழும் இருந்தது. பின்னாளில் மருத்துவ மனை, நர்சுப் பயிற்சி, இளம்பிள்ளைவாதத்தால் கால் விழுந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை நிலையம் என்று சபை பெருகியது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. சென்னை யாருக்கு என்று அனல் பறந்த நாட்கள் அவை. சபை சென்னையிலேயே இருந்தது. தமிழ்ப் பெண்களும் அதன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றார்கள்.

சபையும் பதவியும்

1946-ல் சென்னை ராஜதானியிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் இடம் பெற்ற பெண்கள் 15 பேர்தான். அவர்களில் சபைத் தலைவர் இல்லாதபோது தலைமை தாங்குவோர் பட்டியலில் இடம் பெற்றவர் இவர் ஒருவரே. நூற்றுக்கணக்கான திருத்தங்களைக் கொடுத்தார். ராஜ்ய சபைக்கு நிற்க 35 வயது ஆக வேண்டும் என்று நகலில் இருந்ததை 30 ஆகக் குறைத்தது இவர் கொண்டுவந்த திருத்தம்.

டில்லிக்குப் போன இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. அங்கே குடியேறிய தெலுங்குக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1948-ல் ஆந்திரக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பள்ளி இன்றும் நடக்கிறது.

1952 பொதுத் தேர்தலில் தோற்றுப்போனார். சிறை சென்றவர், அரசியல் சட்டம் எழுதியதில் பங்கு கொண்டவர், தோற்றுவிட்டார்! அரசியலில் இதெல்லாம் சகஜம். நேரு அவரைத் திட்டக் கமிஷன் உறுப்பினர் ஆக்கினார். அந்தத் தோல்வியால் நாட்டுக்கு லாபம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1953 ஜனவரியில் நிதி மந்திரி சி.டி.தேஷ்முக்கை மணந்தார். ரிசர்வ் வங்கிக்கு முதல் இந்திய கவர்னராக இருந்தவர் அவர். மராத்திக்காரர், மனைவியை இழந்தவர். பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நேருவும் ஒருவர். மணமகளுக்கு வயது 43. எட்டு வயதில் பிறர் முடித்து வைத்த கலியாணத்துக்கும், 43 வயதில் தாமே முடிவு செய்த கலியாணத்துக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை ஓடியிருந்தது.

நாடு முழுவதும் அந்த வகுப்பு

அதே 1953-ல் மத்திய சமூகநல வாரியம் அமைந்தது. முதல் தலைவி துர்காபாய். கிராமங்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலப் பணிகள் நடத்தத் திட்டம் தயாராயிற்று, பணமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் வேலை செய்யப் பெண்கள் கிடைக்கவில்லை. கிராம சேவிகை, மருத்துவச்சி, பாலர் பள்ளி ஆசிரியை எல்லாவற்றுக்கும் ஓரளவு படிப்பு வேண்டும். பட்டணத்தில் படித்த பெண் கிராமத்துக்குப் போக மாட்டாள். கிராமத்தில் இருக்கும் பெண்ணுக்குப் படிப்பு இல்லை.

துர்காபாய்க்கு மயிலாப்பூர் வகுப்பு நினைவில் இருந்தது. 1958-ல் வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை வாரியம் தொடங்கியது. சிறுவயதில் படிப்பை விட்ட பெண்களுக்கு இரண்டே ஆண்டில் பாடங்களைச் சொல்லிக் கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்புவது திட்டம். வாரியம் நேராகப் பள்ளி நடத்தவில்லை. அந்தந்த ஊரில் இருந்த தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்து நடத்தச் சொன்னது. வகுப்புக்கு ஏறக்குறைய 25 பெண்கள். அந்த ஊர் மொழியில் பாடம்.

எல்லா இடத்திலும் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு ஆண்டு ஒரு குடும்பப் பெண்ணை வீட்டார் விட்டுவைப்பது லேசான காரியமா? மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் வகுப்பு நின்றுவிடும். தேறியவர்கள் ஆசிரியையாகவும், நர்சாகவும், கிராம சேவிகையாகவும் போனார்கள். அந்தத் திட்டம் அவர் பதவியோடு முடியவில்லை, அவர் காலத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது.

துர்காபாய் 25 வயதில் கண்டுபிடித்த பக்கத்து வாசலுக்கு இன்றைக்குப் பெயர் தேசிய திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசின் இந்த நிறுவனம் 1989-ல் தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். வயதுக்கு மேல் வரம்பு கிடையாது.

தெற்கு அந்தமானில் பெரார்கஞ்ச் என்று ஓர் ஊர் உண்டு. 1920-களில் தீவுகளின் தலைமைக் கமிஷனராக இருந்த பெரார் துரையின் பெயரால் ஏற்பட்ட ஊர். வங்காளி, மலையாளி, தமிழர், தெலுங்கர் என்று பலரும் கலந்து வாழும் தீவு அது. அங்கே எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கூலி வேலைக்கு வந்த ஒருவருக்கும், கலியாணமாகி வந்த அவர் மனைவிக்கும், சொந்த மொழியில் வீட்டிலிருந்தபடியே பரீட்சைக்குப் படிக்க வழி உண்டு. மகனும் தாயும் ஒரே ஆண்டில் பத்தாவது எழுதினாலும் தடுப்பாரில்லை. காக்கிநாடாவில் துர்காபாயும் அவர் தாயாரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்தானே!

பெண் கல்வி பற்றி ஆராய மத்திய சர்க்கார் 1958-ல் அமைத்த தேசியக் கமிட்டிக்கும் துர்காபாயே தலைவி. மறு ஆண்டு அறிக்கை கொடுத்தார். டில்லியில் சமூக வளர்ச்சி மன்றம் ஒன்றையும் 1962-ல் நிறுவினார். 1975-ல் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே ஆண்டில் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. கடைசிக் காலத்தில் இருவரும் ஐதராபாத்தில் குடியேறினார்கள். அங்கும் ஆந்திர மகிளா சபையின் கல்லூரியும், எழுத்தறிவு இல்லமும் எழுந்தன.

கணவரோடு வாழ்ந்த வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். "சிந்தாமணும் நானும்" என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் எந்த மொழியை எதிர்த்து வெளியேறினாரோ அந்த மொழியில்!

வேலூர் சிறையில் பார்த்த பெண்களை அவர் மறக்கவில்லை. புருஷன் பெண்சாதி வழக்கு, ஜீவனாம்ச வழக்கு, குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு இவையெல்லாம் கொலை, கொள்ளை நடக்கும் கோர்ட்டிலேயே நடக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். 1953-ல் சீனாவுக்குப் போய் வந்ததும், குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கோர்ட்டு வேண்டும் என்று நேருவிடமும் நீதிபதிகளிடமும் பேசினார். கேட்டுக்கொண்டார்கள். ஆண்டுகள் ஓடின.

1981-ம் ஆண்டு மே 9-ந் தேதி துர்காபாய் காலமானார். மறு ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தேஷ்முக்கும் மறைந்தார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ல் நிறைவேறியது.